தூக்கி அடைக்க வேண்டிய கதவு: அல்சூர் வீட்டில் ஒரு சிபானி டால்ஃபின்

"கதவைக் கொஞ்சம் தூக்கி அடை, பாப்பா." மாமா இதைச் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். 1985-ல் அவர் வாங்கிய டால்ஃபின் காரின் இடது கதவு அது. கீல் தேய்ந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். அந்தக் கதவின் முன்மூலையிலிருந்து முன்கண்ணாடியின் கீழ்முனை வரை ஒரு விரிசல் ஓடியதும் எல்லோருக்கும் தெரியும். அது வயசான காருக்கு வரும் விரிசல் என்று விட்டுவிட்டோம். இரண்டும் ஒரே நோயின் அடையாளங்கள் என்று புரிய எனக்கு ஒரு வருடமும், வீணாகிப்போன ஒரு முழுப் பழுதுபார்ப்பும் ஆயின. ஃபைபர் பாடி உள்ள பழைய காரை வீட்டில் வைத்துச் சரிசெய்ய நினைப்பவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டால்ஃபினைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. இங்கிலாந்தில் டாம்வர்த் ஊரில் ரிலையன்ட் நிறுவனம் 1975 முதல் 1982 வரை தயாரித்த கிட்டன் காரின் இந்திய வடிவம் இது. உரிமம் பெற்று 1982-ல் பெங்களூரில் சிபானி நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியது. இரும்பு சேஸ் (அடிச்சட்டம்), அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டிய, கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் இறுக்கிச் செய்த ஃபைபர் கிளாஸ் பாடி, 848 சிசி அலுமினிய எஞ்சின், பின்சக்கர இயக்கம், இரண்டே கதவுகள். ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வைத்து விற்கவில்லை. ஆனால் மூலமான கிட்டனின் எடையே ஐந்நூற்றுச் சொச்சம் கிலோதான். அம்பாசடர் ஆயிரத்தைத் தாண்டும். அந்த எடைக்குறைவுக்காகவே எண்பதுகளில் சென்னை அருகே சோழவரத்தில் நடந்த கார் பந்தயத்திலும் ராலிகளிலும் டால்ஃபினைத் தேடி ஓட்டினார்கள். பழைய விமான ஓடுதளத்தில் நடந்த அந்தப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் மாமா இதை வாங்கினார். ஊரே மாருதி 800-க்குப் பணம் கட்டிக் காத்திருந்த காலம் அது.

2001-ல் பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் நிறுத்திய கார், 2021 ஜனவரி வரை அங்கேயே நின்றது. நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். உலோகத்தை அளந்து பழகிய கை. ஃபைபர் எனக்குப் புதிது.

முதல் முயற்சி

தொடங்கியபோது கண்டதைக் குறித்து வைத்திருக்கிறேன். பானெட்டில் நட்சத்திரம் போலச் சிதறிய மயிர்க்கோட்டு விரிசல்கள் ஏழு இடங்களில். பின் பம்பருக்கு மேலே பழைய மோதலை மூடிய புட்டி, சில இடங்களில் 9 மில்லிமீட்டர் கனம். இடது கதவு மூலையில் 22 சென்டிமீட்டர் நீள விரிசல், விரல் வைத்து அழுத்தினால் அசையும். பெயின்ட் நான்கு அடுக்கு.

பெயின்ட்டை எடுப்பதில் மட்டும் முதலிலேயே சரியாக நடந்துகொண்டேன். தகரக் காருக்குப் பூசும் பெயின்ட் ரிமூவரை ஃபைபரில் பூசக்கூடாது. அது பெயின்ட்டோடு நிற்காமல் ஜெல்கோட் என்ற ஃபைபரின் வெளிப்பூச்சையும் அதன் கீழே உள்ள ரெசினையும் மெத்தென்று ஆக்கிவிடும். பிளேடால் சுரண்டி, பிறகு தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளாக மூன்று மாதம் ஓடியது.

பெயின்ட் போன பிறகு ஃபைபர் தன் வரலாற்றைக் காட்டிவிடும். இரவில் போர்டிகோ விளக்கை அணைத்துவிட்டு, பேனலுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் வெளிச்சம் தேன் நிறத்தில் ஊடுருவி வரும். காற்று புகுந்த இடம் வெண்புள்ளியாகவும், பிரிந்த அடுக்கு மங்கலான திட்டாகவும், உண்மையான விரிசல் கறுத்த கோடாகவும் தெரியும். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் 'டிக்' என்று பேசும். அடுக்கு பிரிந்த இடம் அடைத்த குரலில் பதில் சொல்லும். இந்த இரண்டுக்கும் காசு செலவில்லை. பழைய ஃபைபர் கார் வாங்கப் போகிறவர்களும் நாணயத் தட்டலையாவது செய்து பார்க்க வேண்டும்.

2021 ஜூலையில் கதவு மூலை விரிசலைச் சரிசெய்தேன். வெளிப்பக்கம் பள்ளமாகச் செதுக்கி, இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழைப் பாய்) வைத்து, ரெசின் ஊற்றி, மேலே புட்டி போட்டு, தேய்த்து, பிரைமர் அடித்தேன். பார்க்க மிக அழகாக இருந்தது. எஞ்சினும் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்ததால், அல்சூர் ஏரியைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். டிசம்பரில் அதே கோடு, அதே இடத்தில், பிரைமரைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. கதவையும் மாமா சொன்னபடியே தூக்கித்தான் அடைக்க வேண்டியிருந்தது.

கடலூர்க்காரர் கேட்ட கேள்வி

பீன்யாவில் எங்கள் ஆலைக்கு ஃபைபர் தொட்டி செய்து கொடுக்கும் இடத்தில் ஒருவர் வேலை செய்கிறார். கடலூர் பக்கம் மீனவக் குடும்பம். இங்கே வரும் முன் பல வருடம் ஃபைபர் படகு வேலை. ஒரு சனிக்கிழமை மாலை அவரை வீட்டுக்கு அழைத்துவந்து காட்டினேன். விரிசலை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"வெளியில ஏன் தங்கச்சி பார்க்கிறீங்க? படகுல விரிசல் வந்தா உள்ள எந்தக் கட்டை விட்டுப்போச்சுன்னுதான் முதல்ல பார்ப்போம். தோல் தானா கிழியாது."

"இதுல கட்டை இல்லையே அண்ணா. இரும்பு சேஸ்தான்."

"அப்போ அதைப் பாருங்க."

ஃபைபர் படகின் ஓட்டுக்குள் மரக்கட்டைகளை வைத்து, மேட் போட்டு மூடியிருப்பார்கள். அலையின் அடியைத் தாங்குவது அந்தக் கட்டையும் ஓடும் சேர்ந்துதான். கட்டை இற்றுப்போனால் ஓடு தனியாக வளையும், வளைந்தால் விரிசல் விடும். தகரம் நசுங்கி அப்படியே நிற்கும். ஃபைபர் அப்படி இல்லை. வளைந்து பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், அடையாளமே காட்டாது. ஒரே இடத்தில் ஆயிரம் முறை வளைந்த பிறகுதான் கோடு விழும். ஆகவே விரிசல் இருக்கும் இடம் வேறு, கோளாறு இருக்கும் இடம் வேறு.

மறுநாள் காலை அளவெடுத்தேன். கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போது இடது கதவின் இடைவெளி மேலே 8 மில்லிமீட்டர், கீழே 4. முன் இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினேன். மேலே 5, கீழே 6 என்று மாறிவிட்டது. வலது பக்கம் இதையே செய்தபோது என் அளவுகோலுக்குள் மாற்றமே தெரியவில்லை. கீல் தேய்ந்திருந்தால் கதவு தொங்கும். ஆனால் சக்கரத்தைத் தூக்கும்போது கதவுச் சட்டமே வடிவம் மாறாது. நான் முதல் நாளே எடுத்திருக்க வேண்டிய அளவு இது. தொழிற்சாலையில் இதைச் செய்யாமல் ஒரு பொருளையும் தொட மாட்டேன். வீட்டில், கண்ணுக்குத் தெரிந்த விரிசலிலேயே நின்றுவிட்டேன்.

கார்ப்பெட்டைக் கிழித்து எடுத்தோம். அதன் கீழே ஈரம் கோத்த சணல், அதற்கும் கீழே பாடியை சேஸோடு பூட்டும் போல்ட். ரப்பர் பேக்கிங் கருவாடு போலக் காய்ந்து தூளாகக் கையில் வந்தது. காருக்கு அடியில் படுத்து, சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் பிராக்கெட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டினேன். தார் போல அடித்திருந்த கறுப்புப் பூச்சு மட்டும்தான் உருவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் மறுபக்கம் போய்விட்டது. பெட்டி வடிவ இரும்பு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே தார் பூசினால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியே இருக்காது. ஆக, பல வருடமாக அந்த மூலையின் பாரத்தைச் சேஸ் தாங்கவில்லை. கதவுத் தூணின் ஃபைபர் தாங்கியது.

முதல் முயற்சி தோற்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது முழுக்க என் கையால் வந்தது. பழைய ஒட்டைப் பெயர்த்தபோது என் இரண்டு அடுக்கும் பலாச்சுளைத் தோல் போல முழுசாகக் கழன்று வந்தன. பழைய ஃபைபரோடு ஒட்டவே இல்லை. நான் 120 நம்பர் உப்புத்தாளால் நைசாகத் தேய்த்திருந்தேன். பல வருடம் இறுகிப்போன பழைய பாலியெஸ்டர் ரெசினோடு புது ரெசின் வேதியியலாக இணையாது. சொரசொரப்பில் பல்போல் பிடிக்க வேண்டும். 36 அல்லது 40 நம்பர் தாளால், கண்ணாடி இழை தெரியும்வரை அரைத்து, அசிட்டோனால் துடைத்த பிறகுதான் ரெசின் தொட வேண்டும்.

பாடியைத் தூக்கியது

2022 பிப்ரவரியில் பாடியைச் சேஸிலிருந்து பிரித்தோம். அதற்கு முன் ஒரு முக்கிய வேலை. சேஸ் இல்லாத ஃபைபர் பாடி தன் வடிவத்தில் நிற்காது. இரண்டு கதவு வாசலிலும் மரச்சட்டம் குறுக்கே வைத்து இறுக்கினேன். முன்கண்ணாடி வாசலுக்கும் ஒன்று. இதைச் செய்யாமல் தூக்கிய பாடி, திரும்ப வைக்கும்போது எந்தக் கதவுக்கும் பொருந்தாது.

கிரேன் எதுவும் தேவைப்படவில்லை. கண்ணாடி, சீட், கதவு எல்லாம் கழற்றிய பிறகு எட்டுப் பேர் போதும். தெருவில் வருடாவருடம் பல்லக்குத் தூக்கும் பையன்கள் வந்தார்கள்; ஒரே தோளில் ஒரே நடை எப்படி என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமா முன்னால் நின்று "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே பின்னோக்கி நடந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

இற்ற பிராக்கெட்டை வெட்டி எடுத்து, 3 மில்லிமீட்டர் தகடில் புதிது செய்து வெல்டிங் செய்தோம். பாடி பக்கத்தில் இருக்கும்போது வெல்டிங் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. ரெசின் தீப்பிடித்தால் கரும்புகையோடு எரியும். பெட்ரோல் டேங்கையும் முதல் நாளே கழற்றி வெளியே வைத்துவிட்டேன். புதிய பிராக்கெட்டின் இடத்தைக் கொத்தனார் தூக்குக்குண்டு வைத்துக் குறித்தேன். நல்ல வலது பக்கத்தின் ஒவ்வொரு துளையிலிருந்தும் குண்டை இறக்கி, தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்து, நடுக்கோட்டிலிருந்து அதே தூரத்தை இடது பக்கம் எடுத்து, மூலைக்கு மூலை அளந்து சரிபார்த்தேன். இரண்டு மில்லிமீட்டருக்குள் வந்தது. பெட்டிக் குழாய்களின் உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் தெளித்து, அடியில் தண்ணீர் வடியத் துளை விட்டேன்.

ஃபைபர் வேலை, இரண்டாம் முறை

புதிய ரப்பர் பேக்கிங் வைத்துப் பாடியை இறக்கி, கதவை மாட்டி, மர ஆப்பு வைத்து இடைவெளியைச் சுற்றிலும் 6 மில்லிமீட்டராக்கினேன். அதன் பிறகே விரிசலைத் தொட்டேன். வரிசை இதுதான்: முதலில் பாரம் போகும் வழி, அடுத்து வடிவம், கடைசியாகத் தோல். கோணல் நிலையில் ஒட்டினால் கோணலைத்தான் நிரந்தரமாக்குவோம்.

இந்த முறை உள்பக்கத்திலிருந்து. விரிசலின் இருபுறமும் ஒரு சாண் அளவுக்கு, நடுவில் ஆழமாகவும் ஓரத்துக்கு வரவரச் சரிவாகவும் அரைத்தேன். கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு இருந்தால் பாரம் பழைய இழையிலிருந்து புது இழைக்கு மெல்ல ஏறும். வெளிப்பக்கம் மெழுகு பூசிய தகடை வைத்து டேப் போட்டு, அதை அச்சாக்கினேன்.

450 கிராம் மேட், ஐந்து அடுக்கு. ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டிலிருந்து இரண்டரை கிலோ ரெசின். அதிகம் ஊற்றினால் பலம் கூடும் என்று தோன்றும்; பலம் இழையில் இருக்கிறது, மிஞ்சிய ரெசின் வெறும் கண்ணாடி போல உடையும். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிக்கச் சொன்னார் கடலூர்க்காரர். கிழித்த ஓரத்தில் இழைகள் பரவி நிற்பதால் விளிம்புக்கோடு விழாது. பிரஷ்ஷால் தேய்க்காமல் குத்திக் குத்தி நனைத்து, ரோலரால் காற்றை ஓரத்துக்குத் தள்ளினோம். மூன்று அடுக்கு முடித்து, சூடு தணியவிட்டு, மீதி இரண்டை மறுநாள் வைத்தோம். ஒரே மூச்சில் கனமாகப் போட்டால் உள்ளே வெப்பம் ஏறி, சுருங்கி, வெளித்தோலை இழுத்துவிடும்.

கலப்பதைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் ரெசின், அதை இறுகவைக்க ஊதா நிறக் கோபால்ட், கேட்டலிஸ்ட் என மூன்றாகத் தருவார்கள். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேராக ஒன்றையொன்று தொடக்கூடாது; வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுசாகக் கலக்கிய பிறகுதான், வேறு குச்சியால், கேட்டலிஸ்ட். அது ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் போதும். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வை போகக்கூடும், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். அந்த வாடைக்குத் துணி முகமூடி எதுவும் செய்யாது, கரிவடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேய்த்தால் இழைத்தூள் பறக்காது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மாடியில் விளையாடும் தெருவில் வேலை செய்கிறோம், அதை மறக்கக் கூடாது.

பெங்களூரின் பிப்ரவரி வெயில் இதற்கு ஏற்றது. சூடு அளவாக இருக்கும், காற்றில் ஈரமும் குறைவு. முதல் முயற்சியை ஜூலை மழையில் செய்ததும் தவறுதான்.

பானெட் விரிசல்களுக்கும் இதே கேள்வியைக் கேட்டேன். ஏழில் ஐந்து, பானெட் தாங்கிக் கம்பி ஊன்றும் இடத்தைச் சுற்றியே இருந்தன. உள்ளே ஒரு பெரிய வாஷரும் இரண்டு அடுக்கு மேட்டும் வைத்தபின் மேலே ஜெல்கோட் நிரப்பினேன். மற்ற இரண்டும் வெளியிலிருந்து விழுந்த அடி. பின் பம்பர் மேலிருந்த புட்டியை முழுக்கப் பெயர்த்து மேட்டால் கட்டினோம். பெயர்த்த புட்டி மட்டும் 3 கிலோ இருந்தது.

மின்சாரமும் எஞ்சினும்

ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் இறங்கும், இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து துடிக்கும். தகரக் காரில் பாடியே எர்த், அதாவது மின்சாரம் திரும்பிவரும் வழி. ஃபைபரில் மின்சாரம் ஓடாது, ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பிவரும் ஒயர் தனியாக வேண்டும். இடையில் யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் தகரக் காருக்குச் செய்வது போல எர்த் ஒயரைப் பாடியில் ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்தார். சேஸில் ஒரு பித்தளைப் போல்ட்டைப் பொது எர்த்தாக வைத்து, எல்லா விளக்குக்கும் தனி ஒயர் இழுத்தேன். ஒரு நாள் வேலை, அத்தனை பேயும் ஓடிப்போனது.

எஞ்சினில் பெரிதாக இல்லை. வெட் லைனர் எஞ்சின், அதாவது பிஸ்டன் ஓடும் குழாயான லைனரின் வெளிப்புறத்தைத் தண்ணீர் நேராகத் தொடும். ஹெட்டைக் கழற்றிய பிறகு லைனரை வாஷர் வைத்து அமுக்கிப் பிடிக்காமல் கிராங்கைச் சுற்றினால், லைனர் எழும்பி அடி சீல் போய்விடும். அலுமினியத்துக்கு போர்வெல் தண்ணீர் எதிரி. டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் மட்டுமே ஊற்றுகிறேன். ரப்பர் சாமான்களும் கேபிள்களும் ஜே.சி. ரோட்டில் அளவுக்கு அளவு பார்த்துக் கிடைத்தன.

பெயின்ட், அதற்குப் பிறகு

பிரைமர் அடித்த பாடியை மூன்று வாரம் வெயிலில் விட்டேன். புது ரெசின் முழுசாக இறுகுமுன் பெயின்ட் அடித்தால், பளபளப்புக்கு அடியில் மேட்டின் இழைத்தடம் கோலம் போலத் தெரியத் தொடங்கும். சூட்டு அறைக்கும் அனுப்பவில்லை. காற்றில் காயும் பியு (பாலியூரிதேன்) பெயின்ட், மாமாவுக்குப் பிடித்த அதே சிவப்பு. வேலை 2022 ஜூனில் முடிந்தது.

ஆர்.டி.ஓ. பக்கம் இது சாதாரணப் பழைய வண்டிதான். 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவுக்கு 50 வயது ஆக வேண்டும், அதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. தகுதிச் சான்று எடுத்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் வழியில்தான் போகிறோம்.

கதவுத் தூணின் உள்பக்கத்துக்கு மட்டும் நான் பெயின்ட் அடிக்கவில்லை, கார்ப்பெட்டும் ஒட்டவில்லை. ஃபைபர் தாங்க முடியாமல் வளையத் தொடங்கினால், விரிசல் விடும் முன்பே அந்த இடம் வெளுக்கும். அதைப் பார்க்க வழி இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜாக்கி வைத்துக் கதவு இடைவெளியை அளந்து, பக்கத்திலேயே பென்சிலால் தேதி போட்டு எழுதுகிறேன். இதுவரை நான்கு வரி. எல்லாவற்றிலும் மாற்றம் அரை மில்லிமீட்டருக்குள். வெளுப்பு இல்லை.

மாமா இன்னும் கதவைத் தூக்கித்தான் அடைக்கிறார். "மாமா, தூக்காதீங்க, இப்போ அப்படி அடைச்சா கீல்தான் தேயும்" என்கிறேன். "சரிம்மா" என்கிறார். அடுத்த வேலை வலது பக்க பிராக்கெட். தட்டினால் நல்ல சத்தம்தான் வருகிறது, ஆனாலும் அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியிலும் அதே சணல்தான் இருக்கிறது.